மெதுவான ஏனோஸின் துடுப்பு

குதிரை வண்டியும் பழைய ஒழுங்குமாக வாழ்கிற எங்கள் கிறிஸ்தவச் சபையில் ஏனோஸ் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருவர் கொல்லர் ஏனோஸ். இன்னொருவர் சிவப்புத்தாடி ஏனோஸ். மூன்றாவது, என் அக்கா ஃபேனியின் வீட்டுக்காரர். அவருக்கு மெதுவான ஏனோஸ் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வார்கள். தீவனக் கடையில் "எந்த ஏனோஸ் கணக்கில எழுத?" என்று கேட்டால், "மெதுவானவன் கணக்கில" என்று அவரே சொல்லிவிடுவார்.

அவர் மர அறுவை ஆலையில் பலகை அடுக்குகிறவர். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கும். அவருடைய குதிரையும் அவரைப் போலத்தான். சாலையில் எல்லா வண்டிகளும் முந்திப் போன பிறகுதான் அது நகரும். இலையுதிர் காலத்தில் திருவிருந்து ஆராதனைக்கு முன்னால் சபைப் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் வந்து, சபை ஒழுங்குக்கு ஒத்துப்போகிறாயா, மனதில் யாரோடாவது குறை இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். சிலர் பத்து நிமிடம் பேசுவார்கள். ஏனோஸ், "எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரி" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள்: "வீட்லயும் இதே கதைதான். சூப்புல உப்பு போட மறந்துட்டேன்னு நானே சொன்னாலும், பரவால்ல, நல்லாத்தான் இருக்குன்னு குடிச்சிட்டுப் போவாரு."

எனக்குத் தெரிந்து அவர் ஒரே ஒரு தடவைதான் "சரியில்லை" என்று சொன்னார். அப்போது நான் படகுக்குள், அடிப்பலகையில் மல்லாந்து கிடந்தேன். என் காலிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் வெள்ளை மீன் கரையோரம் முட்டையிட வரும். அப்போது வடக்கே பெரிய ஏரியில் வலை போட ஆளுக்கு ஒரு வலை அனுமதி உண்டு. அறுவடை முடிந்து கல்யாணங்கள் தொடங்குவதற்குள் கிடைக்கிற நாலு நாளில் போய் மீன் பிடித்து, உப்புக் கண்டம் போட்டுக்கொண்டு வருவோம். அந்த வருடம் ஏனோஸ் மச்சானும், என் தம்பி ஒர்வாவும், நானுமாக மூன்று பேர் போனோம். சபையில் எங்களுக்கு இயந்திரப் படகு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. துடுப்புப் படகுதான். ஆனால் தீவு வெகு தூரம். அதனால் ரஸல் என்கிற இங்கிலீஷ்காரரின் விசைப்படகுக்குக் கூலி கொடுத்து, எங்கள் படகை அதன் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்வோம். சபைக்கு வெளியே இருக்கிற எல்லோரையும் நாங்கள் இங்கிலீஷ்காரர் என்றுதான் சொல்வது.

வெள்ளிக்கிழமை தீவில் எங்களை இறக்கிவிட்டு ரஸல் கிளம்பும்போதுதான் எல்லாவற்றுக்கும் காரணமான தவறு நடந்தது. பட்டப்பகலில், மூன்று பேரும் பக்கத்தில் நிற்க நடந்தது.

"திங்கக்கிழமை மூணு மணிக்கு வந்துடறேன். மூட்டை முடிச்சோட கரையில நில்லுங்க" என்றார் ரஸல்.

"உங்க மூணா, எங்க மூணா?" என்று ஏனோஸ் கேட்டார்.

"என் மூணுதான். உங்க மணியெல்லாம் எனக்கு வராது சாமி."

"அப்ப எங்களுக்கு ரெண்டு" என்று ஏனோஸ் தலையாட்டினார். ரஸல் சிரித்துவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினார்.

வெளியார் வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். அதை நாங்கள் வேக மணி என்போம். எங்கள் வீட்டுக் கடிகாரங்களை யாரும் தொடுவதில்லை; கர்த்தர் கொடுத்த சூரியன் போகிற மணியே போதும் என்று விட்டுவிடுகிறோம். குளிர்காலம் வரும்போது அவர்களும் தங்கள் கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் வைத்துவிடுவார்கள். இரண்டு மணியும் ஒன்றாகிவிடும். அது எந்த நாள் என்று நாங்கள் கவனிப்பதில்லை. ஒரு நாள் காலையில் பால் எடுக்கிற லாரி ஒரு மணி பிந்தி வரும். ஓ, மாற்றிவிட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வோம்.

அந்த வருடம் அவர்கள் மாற்றியது நாங்கள் தீவில் இருந்த ஞாயிற்றுக்கிழமை. தீவுக்குப் பால் லாரி வராதே.

சனிக்கிழமை வரை மீன் நன்றாக விழுந்தது. சாயங்காலம் வலைகளை எடுத்துக் காயப்போட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வலையைத் தொடவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து பாடினோம். ஒர்வா வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தான். இராத்திரி காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கி, விடியும்போது ஏரி முழுக்க வெள்ளை நுரையாக இருந்தது. ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி கட்டியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன்னால், கடைசிக் காப்பிக்கு விறகு பிளந்தேன். கட்டையின் மேல் உறைபனி. கோடாரி வழுக்கிப் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே இறங்கியது. முதலில் வலி தெரியவில்லை. பூட்ஸுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒர்வாதான் முதலில் பார்த்தான். "அண்ணே, அசையாத! அண்ணே, உக்காரு! மச்சான், ஓடி வாங்க!"

ஏனோஸ் அப்போதும் ஓடவில்லை. நடந்துதான் வந்தார். முழங்கால் போட்டு, பூட்ஸைக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். கால்சட்டையைத் தாங்குகிற தன் தோள்வாரை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே சுற்றி, ஒரு குச்சியைச் செருகித் திருகினார். எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. இரத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எழுந்து நின்றபோது தோள்வார் இல்லாத அவருடைய கால்சட்டை கீழே சரிந்தது. இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே படகைத் தள்ளுவோம்" என்றான் ஒர்வா.

"ரஸல் ரெண்டுக்கு வந்துருவாரு. அவரு படகுல கால் மணி நேரம். நாம துடுப்பு போட்டா, இந்தக் காத்துல இருட்டிப் போகும். எஸ்றாவுக்கு சூடா எதாவது குடு" என்று ஏனோஸ் என்னைக் காட்டினார்.

அது நியாயமான பேச்சு. காத்திருந்தோம். என்னைக் கம்பளியில் சுற்றிக் கரையில் காற்றுப்படாத பாறைக்குப் பின்னால் கிடத்தினார்கள். ஏனோஸ் தன் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்துப் பார்த்து உள்ளே வைத்தார்.

எங்கள் மணி இரண்டு ஆயிற்று. ஏரியில் ஒரு சத்தமும் இல்லை.

ஒர்வா பாறை மேல் ஏறி நின்று பார்த்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். "வரல. வரமாட்டான். இந்தக் காத்துல எவன் படகெடுப்பான்? எங்கயாவது பீர் குடிச்சிக்கிட்டு கிடப்பான்."

"அவரப் பத்தி அப்படிச் சொல்லாத."

"பின்ன எங்க மச்சான் அவன்? சொல்லுங்க! நேரம் ஆச்சுல்ல?"

"ஆச்சு."

"இங்கிலீஷ்காரன் வாக்கு தண்ணியில எழுதுனதுதான். கூலி முன்னாடியே குடுத்தாச்சு, இனி அவனுக்கென்ன?"

ஏனோஸ் என் பக்கத்தில் வந்து கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "தெரியுதா?"

"இல்ல மச்சான்" என்றேன். விரல் வெள்ளையாக, வேறு யாருடையதோ போல இருந்தது. பல் அடித்துக்கொண்டது. எனக்குள் ஒரு தூக்கம் வந்துகொண்டிருந்தது. அது நல்ல தூக்கம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மனதுக்குள் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒர்வா அழ ஆரம்பித்துவிட்டான். "மச்சான், எங்க அண்ணன் கண்ணு முன்னாடி சாகப்போறான். நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்க. ஃபேனி அக்காகிட்ட போய் என்ன சொல்லுவீங்க? காத்துக்கிட்டு இருந்தோம்னா?"

ஏனோஸ் என் காலைக் கம்பளியால் மூடினார். "உனக்கு போகணும்னா, சரி. போவோம்."

அதுதான் அவர் வழக்கம். மற்றவர்களுக்குச் சரி என்றால் அவருக்கும் சரி.

மீன் தொட்டிகளை அப்படியே கரையில் விட்டார்கள். கூடாரத்தையும் விட்டார்கள். என்னைப் படகின் அடிப்பலகையில், பின்பக்கம் தலைவைத்துக் கிடத்தினார்கள். நடுப் பலகையில் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு துடுப்பு. எங்கள் மணிக்கு இரண்டரை இருக்கும். இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

தீவின் மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று எங்கள் மேல் விழுந்தது. நான் படகின் அடியிலிருந்து பார்த்ததெல்லாம் சாம்பல் வானமும், அவர்கள் இருவருடைய முகங்களும், மேலே எழுந்து உட்காருகிற படகின் மூக்கும்தான். ஒவ்வொரு அலையிலும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. அது துடுப்பில் பட்ட இடத்தில் கண்ணாடி போல உறைந்தது. ஒர்வாவின் தாடியில் பனிக்கட்டி தொங்கியது.

"இழுங்க மச்சான்! இழுங்க! நத்தை மாதிரி போடாதீங்க!"

"இழுக்கறேன்."

"உங்க பக்கம் குறையுது, படகு திரும்புது!"

"இழுக்கறேன்டா."

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை ஒர்வா திரும்பிப் பார்த்தான். கரை கிட்டே வரவில்லை. எங்களுக்குப் பின்னாலிருந்த தீவும் தூரமாகப் போகவில்லை. அவன் முகத்தில் பயம் வந்ததை நான் பார்த்தேன். அவன் அந்தப் பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டான்.

"அந்த ரஸலை நான் சபைக்கு முன்னாடி நிறுத்துவேன்."

"அவரு நம்ம சபை இல்லையே" என்று ஏனோஸ் மூச்சுக்கு நடுவில் சொன்னார்.

"சிரிப்பு வருதா உங்களுக்கு?"

"இல்லடா. நான் வேற யோசிக்கிறேன். பதினோரு வருஷமா அந்த ஆளு நம்மளக் கூட்டிட்டு வர்றாரு. ஒரு நாளும் வார்த்தை தவறினது இல்ல. அப்ப தப்பு நம்மகிட்ட எங்கயோ இருக்கணும்."

"நம்மகிட்டயா! நாம என்ன தப்பு பண்ணினோம்?"

"அதத்தான் தேடறேன்."

ஒரு அலை படகின் ஓரத்தைத் தாண்டி என் மார்பில் விழுந்தது. மூச்சு நின்று திரும்ப வந்தது. நான் கையில் இருந்த காப்பிப் பாத்திரத்தால் தண்ணீரை இறைத்தேன். மூன்று தடவை இறைத்ததும் கை தூக்க வரவில்லை.

அப்போதுதான் ஏனோஸ் துடுப்பு போடுவதை நிறுத்தினார்.

ஒருவர் நிறுத்தினால் படகு அவர் பக்கம் சுழலும். ஒர்வா கத்தினான். "என்ன பண்றீங்க! புரண்டுரும்! போடுங்க!"

ஏனோஸ் துடுப்பைத் தண்ணீரில் நிலையாகப் பிடித்துக்கொண்டு படகை நேராக வைத்தார். "ஒர்வா, நேத்து என்ன கிழமை?"

"பைத்தியம் புடிச்சிருச்சா? ஞாயிறு!"

"நவம்பர் மாசத்து மொத ஞாயிறு. போன வருஷம் நம்ம ஹான்னா கல்யாணத்துக்கு முந்தின திங்கக்கிழமை பால் லாரி பிந்தி வந்துச்சு. ஃபேனி லாரிக்காரர்கிட்ட சண்டை போட்டா. அவரு சிரிச்சிட்டு, நேத்து மணி மாத்திட்டோம்மான்னாரு. அதுவும் நவம்பர் மொத வாரந்தான்."

நான் படுத்தபடியே கேட்டேன். தூக்கத்திலிருந்து யாரோ என்னை உலுக்கியது போல இருந்தது.

"அதனால என்ன?" என்றான் ஒர்வா.

"அதனால ரஸலோட மூணு இப்ப நம்ம மூணு. ரெண்டு இல்ல. அவரு இன்னும் பிந்தலடா. நாமதான் முந்திட்டோம். இது சரியில்ல. திரும்பு."

"திரும்பவா? இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"எவ்வளவு தூரம் வந்திருக்கோம்? பாரு."

"மச்சான், உங்களுக்கு உறுதியாத் தெரியுமா, நேத்துதான் மாத்தினாங்கன்னு?"

ஏனோஸ் பொய் சொல்லியிருந்தால் ஒர்வா சட்டென்று கேட்டிருப்பான். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உறுதியாத் தெரியாது" என்றார்.

"உறுதியாத் தெரியாம எங்க அண்ணன் உசிரை வச்சு விளையாடுவீங்களா? தீவுக்குப் போயி அவன் வரலன்னா? அப்புறம் இருட்டு. அப்புறம் முடிஞ்சுது." ஒர்வா தன் துடுப்பை ஓங்கி இழுத்தான். படகு சுழன்றது. ஒரு அலை பக்கவாட்டில் அடித்து உள்ளே பாய்ந்தது. என் காதுவரை தண்ணீர் ஏறியது.

"ஒத்தைத் துடுப்புல உன்னால முன்னால போக முடியாது. என்னாலயும் பின்னால போக முடியாது" என்றார் ஏனோஸ். அவர் குரல் உயரவே இல்லை. ஆனால் நான் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. "நான் முன்னால போடமாட்டேன். எஸ்றாவக் கேளு. கால் அவனுது."

ஒர்வா என்னைக் குனிந்து பார்த்தான். சின்னப் பையனாக இருந்தபோது மாட்டுக் கொட்டகையில் தொலைந்துபோய் அழுத அதே முகம். "அண்ணே, நீ சொல்லு. அண்ணே, சீக்கிரம்."

எனக்கும் உறுதியாகத் தெரியாதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்த மனிதர் இருபது வருடமாக எதற்கும் மறுப்பு சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்.

"மச்சான் சொல்றபடி செய்" என்றேன்.

படகைத் திருப்புவதுதான் மிகக் கடினம். பாதி திரும்பும்போது அலைக்கு விலா காட்ட வேண்டும். ஏனோஸ் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றை விட்டார். இன்னொன்றையும் விட்டார். "இப்ப இல்ல... இப்ப இல்ல..." ஒர்வாவின் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது, ஜெபமா, திட்டா தெரியாது. "இப்ப!" ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பின்னுக்குமாகத் தள்ள, படகு தன்னையே கடித்துக்கொள்ளும் நாய் போலச் சுழன்றது. வலது ஓரம் தண்ணீருக்குள் போனது. நான் ஏரியையே பக்கத்தில் பார்த்தேன், கறுப்பாக, என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. பிறகு படகு நிமிர்ந்தது. காற்று எங்கள் முதுகுக்குப் போயிற்று. சட்டென்று எல்லாம் அமைதியானது போல இருந்தது. காற்று நிற்கவில்லை, நாங்கள் அதோடு சேர்ந்து போனோம்.

தீவின் மறைவுக்குள் வந்தபோது படகில் பாதித் தண்ணீர். அடி சரளையில் உரசியது. இரண்டு பேரும் என்னைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். எல்லோருடைய காதும் ஏரியில் இருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. காற்று மட்டும்தான்.

ஏனோஸ் கடிகாரத்தை எடுத்தார். தண்ணீர் புகுந்து அது நின்றுவிட்டிருந்தது. அவர் முழங்கால் போட்டார். கால்சட்டையைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். உதடு அசையவில்லை. ஒர்வா அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் இரக்கமாக இருந்தது. நான் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தை இவர்கள்தானே சுமக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் எழுவதற்கு முன்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. மேற்கிலிருந்து அல்ல, வடக்கிலிருந்து. காற்றுக்கு மறைவாக, பாறைத்திட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ரஸல் வந்தார். நாங்கள் நடு ஏரியில் இருந்திருந்தால் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக அவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டோம்.

படகின் மூக்கில் நின்றபடி, "கரெக்டா மூணு மணி!" என்று கை அசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை கீழே இறங்கியது. "அட ஆண்டவா. ஏத்துங்க, ஏத்துங்க!"

அவர் தன் தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், விசைப்படகு அலைகளில் குதித்துக் குதித்துப் போனதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஏனோஸ் வழியெல்லாம் என் பாதத்தைத் தன் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துப் பிடித்திருந்தார். அந்தச் சூடு என் காலுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் ஒரு பெண். நீண்ட நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். விழித்தபோது கதவு பாதி திறந்திருந்தது. அவர் வெளியே நின்று என் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "ரத்தக்குழாயைத் தைச்சிட்டோம். காலை எடுக்க வேண்டாம். நரம்பு ஒண்ணு போயிருக்கு, கொஞ்சம் நொண்டுவாரு. இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தா, என்னால இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது."

மருத்துவர் போய்விட்டார். ஒர்வா சுவரில் தலை சாய்த்து, "கேட்டீங்களா மச்சான்? காலை எடுக்க வேண்டாமாம்" என்றான்.

ஏனோஸ் "சரி" என்றார்.

பிறகு நடைக்கூடத்துத் தரையில், சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு நர்ஸ் காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. பாதி விரல்களுக்கும் முழு விரல்களுக்கும் நடுவே கோப்பை நழுவிச் சாய்ந்தது. காப்பி சிதறி வெள்ளைத் தரையில் விழுந்தது. அவர் தன் சட்டைக் கையால் தரையைத் துடைக்கக் குனிந்தார்.

"விடுங்க மச்சான்" என்று ஒர்வா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கோப்பையை வாங்கி, ஊதி ஆற்றி, அவர் வாயருகே பிடித்தான். "மெதுவாக் குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல."